பயிரழித்த பிராணியை அதன் அடையாளங்களால் அறிதல்

மாலையில் நன்றாக நின்ற பயிர் மறுநாட் காலையிற் சாய்ந்தும் அறுபட்டும் கிடக்கக் கண்ட கமக்காரர், அவ்வழிவைச் செய்தது யாது என ஆராயுமுன்னரே, "பன்றி வந்து போயிற்று" என முடிவுசெய்துவிடுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. பன்றி பெருஞ்சேதம் விளைக்கும் பிராணி என்பதில் ஐயமில்லை. எனினும் பன்றியின்மீது சுமத்தப்படும் குற்றங்களுள் ஒரு பகுதி முள்ளம்பன்றியினதும், அகிழானினதும், முயலினதும் செயலாகும். சில வேளைகளில் அயலவரின் கட்டாக்காலி மாட்டின் செயலுமாகும்.

குற்றவாளியை மாற்றிக் கருதுவதால் வருந் தீங்கு சிறிதன்று. அகிழான் தின்ற மரவள்ளித் தோட்டத்தைச் சுற்றி முட்கம்பி வேலி அடைப்பவர், கம்பிக்குக் கொடுத்த பணத்தையும் இழந்து கிழங்கையும் இழக்கிறார். அகிழான் நிலத்தின் கீழாகவே வந்துபோகும். இதனினுங் கொடியது, பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைப்பதும், இரையில் வெடி மறைத்து வைப்பதும், வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியிற் பாய்ச்சுவதும் ஆகும். கண்ணியும் வெடியும் தம்மிடம் வந்தது எப்பிராணியென்று பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டமொன்றில் இருந்த கம்பிக் கண்ணியில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. இரையில் மறைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, உண்ண முடியாமற் பட்டினியால் மடிந்த யானைக் கன்றுகள் பல. மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் இருளிற் கால் வைத்து, வேலியிட்டவரும் அவர் வீட்டாருமே இறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இவை மூன்றும் சட்டத்துக்கு மாறானவை. இவற்றைச் செய்தவர் எக்காரணங் கூறினும் தண்டனைக்குரியவரே.

ஆகையால், பரிகாரந் தேடுமுன் வந்தது யாது என்பதை அறிதல் வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ஓர் ஈர்க்கு, சிறிது மணல், ஒரு நூற்பந்து, பொறுமை ஆகியன போதும்.

காலையிற் செய்ய வேண்டியது

அழிவைக் கண்டவுடன் தோட்டத்துள் இறங்கிச் சாய்ந்த பயிரை நிமிர்த்துவதும், நீர் இறைப்பதும், அயலவரை அழைத்துக் காட்டுவதும் இயல்பு. ஆனால் நாலு பேர் உள்ளே நடந்தபின் அங்கே காண்பதற்கு எஞ்சுவது அந்நாலு பேரின் காலடியே. முதலில் நாயைக் கட்டிவைத்து, ஒருவர் மாத்திரம் தோட்டத்தின் வெளிப்புறமாக வேலியைச் சுற்றி வருதல் வேண்டும். வந்த பிராணி எங்கேனும் ஓரிடத்தில் நுழைந்திருக்கும். வேலிப் பொட்டின் உயரத்தையும் அகலத்தையும் நோக்குக. கம்பியிலும் முள்ளிலும் மயிர் சிக்கியுள்ளதா, மரத்தின் அடியிற் சேறு பூசப்பட்டுள்ளதா, மண் வேலியின் கீழாகத் தோண்டப்பட்டுள்ளதா எனப் பார்க்க. தோட்டத்தின் நடுவிற் காணப்படும் குழம்பிய சுவடுகளைவிட, வேலிப் பொட்டிற் காணப்படும் ஒரு தெளிவான சுவடு மேலானது.

சுவடு பார்ப்பதற்கு ஏற்ற நேரம் ஞாயிறு எழுந்து சற்றே உயர்ந்த வேளை. அப்போது வெயில் சாய்வாக விழுவதால் சுவட்டின் விளிம்பு நிழல் காட்டும். நாம் நிற்குமிடத்துக்கும் ஞாயிற்றுக்கும் இடையே சுவடு இருக்குமாறு நின்று பார்த்தல் வேண்டும். நடுப்பகலில் அதே சுவடு கண்ணுக்குத் தோன்றாமற் போகலாம். ஈர்க்கொன்றைச் சுவட்டின் நீளத்துக்கு ஒடித்தும், இன்னொன்றை அகலத்துக்கு ஒடித்தும் வைத்துக்கொண்டால், மறதிக்கும் மிகைப்படுத்தலுக்கும் இடமிராது. சேற்றிலும் மழையிலும் சுவடு கரைந்து பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்க. நாயின் அடி சேற்றிற் கரைந்து புலியடியாக மாறி ஊரெல்லாம் அச்சம் பரவுவது மாரிகாலத்தில் நடப்பதே.

அழிவு நடந்தது பகலிலா இரவிலா என்பது அடுத்து அறிய வேண்டியது. இதனைப் பலர் கேட்பதேயில்லை. காலையில் மட்டும் தோட்டத்துக்குப் போகிறவருக்கு முதல்நாட் பிற்பகலில் நேர்ந்த அழிவும் இரவில் நேர்ந்ததாகவே தோன்றும். பொழுது சாயும் வேளையிலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டால், குரங்கு, மந்தி, மயில், கிளி, அணில், மாடு, ஆடு ஆகிய பகல் வருகைக்காரர் யாவரையும் ஒரேயடியாகப் பிரித்துவிடலாம். பன்றி, முள்ளம்பன்றி, முயல், அகிழான், மரநாய் என்பன பெரும்பாலும் இரவில் வருவன.

நிலம் காய்ந்து இறுகியிருந்தாற் சுவடு பதியாது. அப்போது மாலையில், வேலிப் பொட்டின் உட்புறத்தில் மூன்றடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, சல்லடையில் அரித்த மணலை அல்லது நயமான புழுதியை அரை அங்குலக் கனத்துக்குத் தூவி, பலகையால் மட்டஞ் செய்துவிடுக. சாம்பலும் உதவும், ஆனால் பனி விழுந்தால் அது கட்டியாகும். சுவடு இன்னும் ஐயமாக இருப்பின், பொட்டின் குறுக்கே மெல்லிய தையல் நூலை நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் ஒன்றும் இரண்டடி உயரத்தில் ஒன்றுமாகக் கட்டிவிடலாம். கீழ்நூல் மாத்திரம் அறுந்திருந்தால் வந்தது முயல், முள்ளம்பன்றி போன்ற தாழ்ந்த பிராணி. இரண்டும் அறுந்திருந்தால் வளர்ந்த பன்றி, மான், மாடு என்பனவற்றுள் ஒன்று. ஓரிரவுப் பரீட்சை போதாது. நான்கைந்து இரவுகள் தொடர்ந்து செய்தல் நன்று.

மரவள்ளிப் பாத்தியில் மூவர்

ஒரே வகை அழிவை மூன்று பிராணிகள் செய்யக்கூடும் என்பதற்கு மரவள்ளியை விடச் சிறந்த உதாரணம் இல்லை. பன்றி, முள்ளம்பன்றி, அகிழான் ஆகிய மூன்றும் அக்கிழங்கை விரும்பி உண்பன. மூன்றுக்கும் செய்ய வேண்டிய பரிகாரங்களோ வெவ்வேறு.

பன்றி வந்த பாத்தி கலப்பை ஓடிய நிலம்போலக் காணப்படும். அது மூஞ்சியால் மண்ணைக் கிளறிப் புரட்டிச் செல்வதால், நீண்ட குழிகளும் இருபுறமும் தள்ளுண்ட மண்ணும் தோன்றும். மரவள்ளித் தடி வேரோடு சாய்ந்து கிடக்கும். கிழங்குகள் இழுத்துப் பறிக்கப்பட்டு, பாதி மென்ற துண்டுகள் சிதறியிருக்கும். மரவள்ளியை மட்டுமன்றி மண்புழுவையும் வண்டுப் புழுவையும் தேடி, பயிரே இல்லாத மூலைகளையும் அது புரட்டும். ஈர மண்ணில் அதன் சுவடு தெளிவானது: முன்னே இரண்டு குளம்புகள், நுனி மழுங்கியவை, பின்னே இருபுறமும் சற்று அகன்று இரண்டு சிறு குழிகள். இப்பின்குளம்புகளின் அடையாளமே பன்றியை மானிலிருந்தும் மாட்டுக் கன்றிலிருந்தும் பிரித்துக் காட்டும். மானின் குளம்பு ஒடுங்கி நுனி கூராக இருக்கும். அது பாய்ந்தோடிய இடத்திலன்றிப் பின்குளம்பு பெரும்பாலும் பதியாது. அருகில் நீர் தேங்கிய குழியில் பன்றி புரண்டு, பின் மரத்தில் உராய்ந்து பூசிய சேறும், அச்சேற்றில் ஒட்டிய முரட்டு மயிரும் கிடைத்தால் வேறு சான்று வேண்டியதில்லை.

முள்ளம்பன்றி அவ்வளவு முரட்டுத்தனமாக வேலை செய்வதில்லை. அது தடியின் அடியில் ஒரு பக்கமாக முன்னங்கால்களால் தோண்டி, கிழங்கை இருந்த இடத்திலேயே கடித்துத் தின்னும். தோண்டிய மண் ஒரே பக்கத்திற் குவிந்திருக்கும். எஞ்சிய கிழங்கில், சிற்றுளியாற் செதுக்கியது போன்ற அகன்ற பற்குறிகள் இரண்டிரண்டாக வரிசைப்பட்டிருக்கும். பன்றி மென்ற கிழங்கில் இத்தகைய ஒழுங்கைக் காணமுடியாது. பின்னங்காலின் சுவடு ஐந்து விரல்களோடும் குதிக்காலோடும் முழுமையாகப் பதிவதாற் சிறு குழந்தையின் பாதம்போலத் தோன்றும்; ஆனால் விரல்களின் முன்னே நகக்குறிகள் இருக்கும். இதனைக் கண்டு பேய் நடந்தது என்று அஞ்சியவர்களும் உளர். எச்சம் ஈச்சங்கொட்டை போல நீண்டு, கும்பலாகக் கிடக்கும். சில வேளை ஒன்றோடொன்று நாரினாற் கோக்கப்பட்டது போல இணைந்திருக்கும். கறுப்பும் வெள்ளையுமான முள் ஒன்று வேலிப் பொட்டில் விழுந்திருந்தால் ஆராய்ச்சி அங்கே முடிந்தது. இளந் தென்னங்கன்றின் அடியைத் தோண்டிக் குருத்தை உண்பதும், பூசணிக்காயைத் துளைத்து உட்புகுவதும் இதன் செயல்களே.

அகிழான் வந்த பாத்தியிலோ வெளிப்பார்வைக்கு ஒன்றுந் தோன்றாது. தடி நிமிர்ந்து நிற்கும். இலை மட்டும் காரணமின்றி வாடும். நீர் குறைவென்றோ வேர்நோயென்றோ கருதி நீர் பாய்ச்சுவோர் பலர். தடியைப் பிடித்து இழுத்தால் எடையின்றி எளிதாக வந்துவிடும். கிழங்கின் உட்சதை குடையப்பட்டுத் தோல் மாத்திரம் கூடாக எஞ்சியிருக்கும். பற்குறிகள் நெருங்கி, மிக நுண்ணியனவாய் இருக்கும். பாத்தியில் அல்லது அருகிலுள்ள வரம்பிற் புதுமண் குவியல்கள் காணப்படும். குவியலின் கீழே வளையின் வாய் மண்ணால் அடைக்கப்பட்டிருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வளை இருப்பதே தெரியாது. குவியலைக் காலாற் பரப்பிவிட்டு மறுநாட் பார்க்க. மீண்டும் மண் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு.

இனிப் பரிகாரத்தைப் பார்க்கும்போது வேறுபாடு விளங்கும். பன்றி வேலியின் மேலாகத் தாவுவதைவிடக் கீழாக நுழைவதையே நாடும். ஆதலால் முட்கம்பியின் அடியிழை நிலத்திலிருந்து அரையடிக்கு மேற்படாமலும், இழுபட்டு இறுகியும் இருத்தல் வேண்டும். நாலடி உயரத்திற் கம்பி நிரை நிரையாக அடித்து அடியில் ஓரடி இடைவெளி விட்டவரின் வேலி, மாட்டைத் தடுக்குமேயன்றிப் பன்றியைத் தடுக்காது. பழஞ் சேலைகளைச் சுற்றிக் கட்டுவது சில நாட்களுக்குப் பயன் தரும். பன்றி அதற்குப் பழகிவிடும் என்பதால், அறுவடைக்கு முந்திய ஓரிரு வாரங்களுக்கு அதனை ஒதுக்கிவைப்பது புத்தி. முள்ளம்பன்றிக்கு இழைக்கம்பி போதாது. நெருங்கிய கண்ணுள்ள வலைக்கம்பியை ஓரடி ஆழத்துக்கு மண்ணுட் புதைத்து அடைத்தல் வேண்டும். பெருந்தோட்டத்துக்கு இச்செலவு கட்டாது. நாற்றுமேடைக்கும் இளந் தென்னங்கன்றுக்கும் கட்டும். அகிழானுக்கு எவ்வேலியும் பயனில்லை. வளையை வெட்டுவதும், வாயிற் பொறி வைப்பதும், வரம்பையும் வேலியடியையும் பற்றையின்றிச் சுத்தமாக வைத்திருப்பதுமே வழி.

ஒரே இரவில் இருவர் வருவதும் உண்டு. பன்றி சாய்த்துப் போன தடியில் எஞ்சிய கிழங்கைப் பின்னர் முள்ளம்பன்றி வந்து உண்ணும். அப்போது எந்தச் சுவட்டின்மேல் எது பதிந்துள்ளது என்று பார்த்தால் முன்பின் புலப்படும். கிழங்கிற் சிறு துளைகள் மட்டும் இருந்து, உள்ளே கறுத்துக் கைப்பாக இருந்தால், அது வற்றாளைக் கிழங்கைத் தாக்கும் கூன்வண்டின் வேலை. அதற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை.

அறுபட்ட நாற்று

பயற்றங்கன்று, கோவா, மிளகாய் முதலியவற்றின் இளங்கன்று அறுபட்டிருந்தால், முதலில் வெட்டுவாயை நோக்குக. மேலும் கீழும் வெட்டுப்பல் உள்ள பிராணி தண்டைக் கத்தியால் நறுக்கியது போலச் சாய்வாக அறுக்கும். முயலும் எலியும் இவ்வினத்தவை. மாடு, ஆடு, மான், மரை ஆகியவற்றுக்கு மேல்வாயில் வெட்டுப்பல் இல்லை. அவை நாவாலும் உதட்டாலும் பற்றி இழுத்துக் கிழிப்பதால் தண்டின் நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொண்டால், அயல்வீட்டு ஆட்டின் குற்றத்தை முயல்மீது சுமத்தும் தவறு நேராது. அயலவரோடு வழக்காடுவதற்கும் சான்று கிடைக்கும்.

முயலின் சுவடு விசித்திரமானது. அது தாவிச் செல்லும்போது முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக முதலில் ஊன்ற, நீண்ட பின்னங்கால்கள் இரண்டும் அவற்றைக் கடந்து முன்னே ஏறக்குறைய அருகருகாகப் பதியும். ஆகவே பெரிய சுவடு இரண்டும் எப்பக்கம் உள்ளனவோ அப்பக்கமே முயல் போன திசை. இதனை அறியாதவர் அது வந்த வழியை போன வழியாகக் கொள்வர். பிழுக்கை உருண்டையாய், சற்றுத் தட்டையாய், புல்நார் நிறைந்து உலர்ந்திருக்கும். ஆட்டுப் பிழுக்கை ஒருபுறம் கூர்ந்து கருமையாக இருக்கும். இரண்டடி உயரமான வலைக்கம்பியோ, அடியில் இடைவெளியின்றி நெருங்கக் கட்டிய கிடுகோ முயலுக்குப் போதிய தடை.

கன்று மண்மட்டத்தில் அறுபட்டு, உண்ணப்படாமல் அவ்விடத்திலேயே சாய்ந்து கிடந்தால் பிராணியைத் தேடுவது வீண். அக்கன்றைச் சுற்றி ஓரிரு அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறினால், வளைந்து சுருண்ட சாம்பல் நிறப் புழுவொன்று அகப்படும். இது வெட்டுப்புழு. பகலில் மண்ணுட் கிடந்து இரவில் மேலே வந்து அறுக்கும். அதனைப் பொறுக்கி அழிப்பதோடு, நடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே நிலத்தைக் கிளறி வெயிலிற் காயவிட்டுக் களையகற்றுதல் பயன்தரும்.

இலையில் ஒழுங்கற்ற துளைகளும், அவற்றின் மேல் காலை வெயிலில் மினுங்கும் உலர்ந்த சளிக்கோடும் இருந்தால் நத்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த ஆபிரிக்கப் பெருநத்தை இப்போது தாழ்நிலத் தோட்டங்கள் பலவற்றிற் பரவியுள்ளது. மாலையில் நனைத்த சாக்கை நிலத்தில் விரித்துவைத்தால் விடியலில் அதன் கீழ் ஒதுங்கியிருக்கும், திரட்டி அழிக்கலாம். நோய்க்கிருமிகளைக் காவுவதால் வெறுங்கையால் தொடலாகாது.

மயிலைப்பற்றி ஒன்று கூறவேண்டும். முன்னர் உலர்வலயத்துப் பறவையாகவே இருந்த மயில், அண்மைத் தசாப்தங்களில் ஈரவலயத்திலும் மத்திய பகுதிகளிலும் பரவிவிட்டது. ஆகையால் அதனை முன் அறியாத ஊர்களில், விதைத்த பயறும் சோளனும் முளைக்காமற் போனதற்கு விதையைக் குறைகூறுவோர் உளர். விதை வரிசையிற் கிண்டிய சிறு பள்ளங்களும், முன்னே மூன்று விரல்கள் அகல விரிந்து பின்னே ஒன்று சிறிதாகப் பதிந்த பெரிய பறவைச் சுவடும் கண்டால் விதைமேற் பழியில்லை.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் காட்டையடுத்த எல்லையில் வருவது பெரும்பாலும் மரையும் பன்றியுமே. மரையின் சுவடு மாட்டுக் கன்றின் சுவட்டை ஒத்த அளவினது, ஆனால் நீண்டு ஒடுங்கியது.

வயலில்

நெல்வயலில் எலியின் அடையாளம் எளிதிற் பிடிபடாமைக்குக் காரணம், அது வரம்போரத்தை விட்டு வயலின் நடுவிலேயே அறுக்கத் தொடங்குவதாகும். வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் பச்சையாகத் தோன்றும். நடுவே இறங்கினால் வட்டமாக வெறுமையான இடங்கள் இருக்கும்; தண்டுகள் நிலத்திலிருந்து சில அங்குல உயரத்தில் சாய்வாக அறுபட்டிருக்கும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தாற் தனியே கழன்று வந்தால் அது தண்டு துளைக்கும் புழு. எலி அறுத்த தண்டு அறுபட்ட வாயைத் தெளிவாகக் காட்டும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் அறுபட்ட பயிர் மீண்டும் வெடித்து ஓரளவு ஈடுசெய்யும். குடலைப் பருவத்திலும் பின்னும் அறுபட்டது அறுபட்டதே. எலி இனம் பெருகுவதும் கதிர் உருவாகும் அக்காலத்திலேயாதலால், அழிவு கண்ணுக்குத் தெரிந்தபின் பொறி தேடுவது காலங்கடந்த செயல். உழவு தொடங்கும்போதே ஊரார் ஒன்றுகூடி வரம்பிலுள்ள வளைகளை வெட்டுவதும், ஒரே காலத்தில் விதைப்பதும், வரம்பின் அகலம் ஓரடிக்கு மேற்படாது வைத்திருப்பதும் நற்பயன் தரும். ஒருவர் மாத்திரம் செய்தால் அயல்வயலிலிருந்து ஒரு வாரத்தில் எலி நிரம்பிவிடும்.

வரம்பிலுள்ள துளைகள் யாவும் எலியினுடையன அல்ல. வாயைச் சுற்றிச் சேற்று உருண்டைகள் அடுக்கப்பட்டு, உள்ளே ஈரமிருந்தால் நண்டு. வாயில் உதிர்மண்ணும் நறுக்கிய தண்டுத் துண்டுகளும் இருந்தால் எலி. வளையை வெட்டும்போது உட்பகுதியிற் கதிர்க்குவியல் அகப்படுவதும் உண்டு. வாய் மழமழப்பாகி, முன்னே மண்ணுமில்லை, தண்டுமில்லையாயின் அங்கே பாம்பு குடியேறியிருக்கக்கூடும். அத்துளையிற் கைவிடுதல் ஒருபோதுந் தகாது.

கதிர் பால்பிடித்த வேளையில் மணிகள் நசுங்கி, உமி கதிரிலும் நிலத்திலும் கிடந்தால் சிறு குருவிகள். கதிர் முழுவதும் காம்போடு மறைந்திருந்தால் கிளி. தண்டுகள் நீர்மட்டத்தருகே முறிக்கப்பட்டு, அடித்தண்டின் மெல்லிய சோறு மாத்திரம் தின்னப்பட்டு எஞ்சியது மிதந்தால், குளத்தையடுத்த வயல்களில் வாழும், நீலவுடலும் செவ்வலகும் உடைய பெரிய நீர்க்கோழியின் செயல். இதனை எலியறுத்ததாகக் கொண்டு நஞ்சு வைப்போர் உளர். நஞ்சு நீரிற் கலந்து மீனும் கொக்கும் மடிவதே மிச்சம்.

எலியுள்ள வயலில் இன்னொரு கேடும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள வெடிப்புகள் வழியாக எலிக்காய்ச்சற் கிருமியை உடலிற் செலுத்தும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இக்காய்ச்சல் கண்டதாகப் பதிவாகியது, இருநூறளவினர் இறந்தனர். ஆதலால் எலி அடையாளம் கண்ட வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிதல் வேண்டும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் கண் சிவப்பும் கண்டால், சாதாரணக் காய்ச்சலென்று வீட்டிலிராது, வயலில் வேலை செய்தமையை வைத்தியரிடம் தவறாது கூறுக.

தீங்கற்ற வருகைக்காரர்

சுவடு கண்டவிடத்தெல்லாம் பகை உண்டு என எண்ணற்க. வயலோரச் சேற்றில் நான்கு விரல்களும் திண்டும் பதிந்து, நகக்குறியில்லாத வட்டச் சுவடு காணப்பட்டால், அது பூனைக் குடும்பத்துப் பிராணி. இரண்டு அங்குலமளவாயின் மீன்பிடிப் பூனை. மூன்று அங்குலத்துக்குக் குறையாதாயின் சிறுத்தையாக இருக்கலாம். நகக்குறி இருந்தால் நாய் அல்லது நரி. மீன்பிடிப் பூனையும் நரியும் எலியைத் தின்பன. கோழிக்கூட்டை நன்றாக அடைத்துக்கொண்டால் அவற்றால் நன்மையே. புற்றின் அடி பிளக்கப்பட்டு, நகத்தாற் கீறிய ஆழ்குழி இருந்து, அருகிலுள்ள பயிர் தொடப்படாதிருந்தால் வந்தது அழுங்கு. எறும்பையும் கறையானையுமன்றி அது வேறெதையும் உண்ணாது. வால் இழுபட்ட நெளிகோட்டின் இருபுறமும் நகக்கால்கள் பதிந்திருந்தால் உடும்பு அல்லது கபரகொய்யா. கல்லின்மேல் அல்லது வரம்பின்மேல் முழு விதைகள் நிறைந்த எச்சங் கிடந்தால் மரநாய். பழுத்த பப்பாசியையும் வாழைக்குலையையும் முதிர்ந்தவுடன் வெட்டிவிட்டால் அதன் தொல்லை குறையும். பழமரத்தின் கீழ் மென்று பிழிந்து துப்பிய நார்ச்சக்கைகள் கிடந்தால் வௌவால்.

இவற்றுட் பல 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாலும் அதன் பின்வந்த திருத்தங்களினாலும் காக்கப்பட்டவை. எப்பிராணியையும் பிடிக்கவோ கொல்லவோ எண்ணுமுன் வனசீவராசிகள் அலுவலகத்தில் விசாரித்தல் கட்டாயம்.

யானை வந்ததை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. எந்த யானை என்பதை அறியவே வேண்டும். முன்னங்கால் சுவடு வட்டமானது, பின்னங்கால் சுவடு நீள்வட்டமானது. முன்னங்கால் சுவட்டின் விளிம்பைச் சுற்றிக் கயிறு பிடித்து, அந்நீளத்தை இரண்டாற் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு நாலரை அடியாயின் உயரம் ஒன்பதடி. அது வளர்ந்த ஆண். பயிருக்கு வருவன பெரும்பாலும் இத்தகைய ஆண் யானைகளே. பல அளவுச் சுவடுகளும் அவற்றிடையே கன்றின் சிறு சுவடும் காணப்பட்டால் பெண்யானைக் கூட்டம். கன்றுள்ள கூட்டத்தை இரவில் விரட்டச் செல்வது உயிராபத்து. எத்தனை, எவ்வுயரம், எப்பக்கம் போயின என்னும் மூன்றையும் குறித்து வனசீவராசிகள் அலுவலருக்கு அறிவித்தால், வெறுமனே "யானை வந்தது" என்று கூறுவதினும் அவருக்கு உதவியாகும்.

ஏனைய பிராணிகளில் ஐயந் தீராவிடத்து, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை நாடலாம். அவரிடஞ் செல்லும்போது ஒடித்த ஈர்க்குகளையும், கடிபட்ட கிழங்கையோ தண்டையோ நீரிற் கழுவாமலும், அகப்பட்ட மயிரையோ முள்ளையோ தாளில் மடித்தும், எந்நாள், எவ்வேளை, வயலின் எவ்விடம் என்னும் குறிப்போடு கொண்டுசெல்க. எச்சத்தைக் கையாற் தொடாது, தடியால் ஒரு சிரட்டையிற் தள்ளி, இலையால் மூடிக் கட்டிக்கொண்டுபோதல் போதும். பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.